கப்பலே ஊரான கதை

கடல் கடந்து போவது வேறு. கடலில் போய்வருவது வேறு. முன்னது பிழைப்புக்காக, பின்னது பொழுதுபோக்குக்காக. தமிழர்களாகிய நமக்கு முன்னதில் நெடுங்காலப் பழக்கம் உண்டு. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் துறைமுகங்களில் இறங்கிய முந்தைய தலைமுறையினர் ‘ரஜூலா’ என்ற பெயரை வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெயரைப்போல் உச்சரித்தார்கள். 1926-இல் கடலில் இறக்கப்பட்ட அந்தக் கப்பல், 1970-களின் தொடக்கம் வரை நம் கரைக்கும் மலாயாக் கரைக்கும் இடையே ஓடியது. பாயும் தகரப்பெட்டியுமாகத் தளத்தில் இடம் பிடித்து, அலைக்கும் மழைக்கும் ஈடுகொடுத்துச் சென்றவர்களில் ஒருவர்கூட அதை விடுமுறை என்று சொல்லியிருக்க மாட்டார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. வைப்புத்தொகை முதிர்வடையும் தேதியைக் கேட்க வரும் வாடிக்கையாளர்களில் சிலர், அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கப்பல் சுற்றுலாவுக்கு ஒதுக்கியிருப்பதாகச் சொல்வதை நாம் கிளைகளில் அடிக்கடி கேட்கிறோம். பணி ஓய்வு பெற்றவர்கள், திருமண நாளின் வெள்ளிவிழாவைக் கொண்டாடுபவர்கள், பேரப்பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இணங்கியவர்கள் எனப் பலர். அவர்கள் வாங்கப்போகும் பயணம் எப்படி உருவானது, அதன் விலைச்சீட்டில் எழுதப்படாதது என்ன என்பதை அறிந்து வாங்குவது நல்லது.

குளிர்காலத்தில் சும்மா நின்ற கப்பல்

இன்பத்துக்காக மட்டும் கடலில் போய்வரலாம் என்ற எண்ணத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, இங்கிலாந்தின் பி அண்ட் ஓ நிறுவனம். தபால் ஏற்றிச்செல்வதே அதன் தொழில். 1844-இல் ஜிப்ரால்டர், மால்டா, ஏதென்ஸ் வழியாகச் சுற்றுலா செல்ல வாருங்கள் என்று அது விளம்பரம் செய்தது. விளம்பரத்தோடு நில்லாமல், நாவலாசிரியர் தாக்கரே அவர்களுக்கு இலவசமாக இடம் அளித்து அனுப்பியும் வைத்தது. கல்கத்தாவில் பிறந்தவரான அவர், திரும்பி வந்து அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். பிரபலங்களுக்கு இலவச அறை கொடுத்து விளம்பரம் தேடும் வழக்கம் சமூக ஊடகக் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று.

ஆயினும் இதைத் தொழிலாக மாற்றியவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் பாலின். ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தை நடத்திய அவருக்கு ஒரு கணக்குப் பிரச்சினை இருந்தது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கடல் கொந்தளிக்கும்; பயணிகள் குறைவார்கள்; பெரும் முதலீட்டில் கட்டிய கப்பல்கள் துறையில் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் சொத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதை வங்கியாளர்கள் விளக்கத் தேவையில்லை. 1891 ஜனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’ என்னும் கப்பலை அவர் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். 241 பயணிகள், ஏறக்குறைய 2 மாதப் பயணம். அவரும் மனைவியோடு உடன் சென்றார். பயணம் வெற்றி பெற்றது. பத்தாண்டுக்குள், உல்லாசப் பயணத்துக்கென்றே ‘பிரின்செசின் விக்டோரியா லூயிசே’ என்ற கப்பல் கட்டப்பட்டது. அதில் இருந்தவை அனைத்தும் முதல் வகுப்பு அறைகள். நூலகமும், புகைப்படம் கழுவிக்கொள்ள இருட்டறையும்கூட இருந்தன. 1906-இல் ஜமைக்கா கரையருகே பாறையில் மோதி அது அழிந்தது. பயணிகள் அனைவரும் பிழைத்தனர்.

அந்தக் காலத்துப் பயணத்தின் இயல்பு இதுதான்: செல்வந்தர்கள், நீண்ட நாட்கள், நிறைய ஊர்கள். கப்பல் என்பது எகிப்தையும் ஏதென்ஸையும் காணச் செல்லும் வண்டி. இரவு உடையணிந்து விருந்துண்ணும் வண்டி, அவ்வளவே. 1936-இல் ஓடத்தொடங்கிய ‘குவீன் மேரி’ போன்ற பெரும் கப்பல்களில் பயணிகள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஒரு வகுப்பார் மற்றொரு வகுப்பாரின் தளத்தில் நடமாட முடியாது.

50 பவுண்டும் மயாமியும்

1958 அக்டோபரில் பான் ஆம் நிறுவனத்தின் ஜெட் விமானம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் பறந்தது. கப்பலில் சுமார் 5 நாட்கள் ஆகும் தூரத்தை அது 9 மணி நேரத்துக்குள் கடந்தது. அதே ஆண்டில் அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்தவர்களைவிட விமானத்தில் கடந்தவர்களின் எண்ணிக்கை மிகுந்தது. அடுத்த பத்தாண்டில் பயணிகள் கப்பல் தொழில் ஏறத்தாழ முடிந்துபோன தொழில்.

அதற்கு மறுவாழ்வு கிடைத்த கதையில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. 1966-இல் நார்வே நாட்டுக் கப்பல் அதிபர் க்னுட் க்ளோஸ்டர் ‘சன்வார்ட்’ என்னும் புதிய கப்பலைக் கட்டினார். இங்கிலாந்துப் பயணிகளை ஸ்பெயின், ஜிப்ரால்டர் பகுதிகளுக்கு ஏற்றிச் செல்வது திட்டம். அந்த நேரத்தில் பிரிட்டிஷ் அரசு அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒருவர் எடுத்துச் செல்லும் பணத்துக்கு 50 பவுண்டு என உச்சவரம்பு விதித்தது. ஜிப்ரால்டர் தொடர்பாக ஸ்பெயினோடு ஏற்பட்ட பிணக்கும் சேர்ந்துகொண்டது. புத்தம்புதுக் கப்பலுக்கு ஆளில்லை. மயாமியில் டெட் அரிசன் என்பவரிடம் எதிர்மாறான சிக்கல்: முன்பதிவு செய்த பயணிகள் இருந்தார்கள், கப்பல் இல்லை. இருவரும் கைகோத்தனர், 1966 டிசம்பரில் ‘சன்வார்ட்’ மயாமியிலிருந்து பஹாமாசுக்குப் புறப்பட்டது. இன்றைய கரீபியன் உல்லாசக் கப்பல் தொழிலின் ஆரம்பம் அதுவே. ஒரு நாட்டின் செலாவணிக் கட்டுப்பாடு இன்னொரு கண்டத்தில் ஒரு தொழிலைப் பிறப்பிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியாது.

கூட்டாளிகள் பிரிந்தனர். அரிசன் 1972-இல் கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் கப்பல் ‘மார்டி கிரா’, முதல் பயணத்திலேயே மயாமிக்கு வெளியே மணல்திட்டில் தட்டி நின்றது. பயண முகவர்கள் நூற்றுக்கணக்கில் அதில் இருந்தார்கள் என்பது கூடுதல் சங்கடம். 1974-இல் நிறுவனத்தின் பெருங்கடனை ஏற்றுக்கொண்டு, 1 டாலர் விலையில் அரிசன் அதைத் தம் முழு உடைமையாக்கிக்கொண்டார். ‘கேளிக்கைக் கப்பல்’ என்ற முழக்கத்தோடு ஆசிரியர்கள், எழுத்தர்கள், சிறு வணிகர்கள் ஆகியோருக்குக் குறைந்த கட்டணத்தில் இடம் விற்றார். இதற்கிடையே 1968-இல் தோன்றிய ராயல் கரீபியன் நிறுவனம், தன் ‘சாங் ஆஃப் நார்வே’ கப்பலை 1978-இல் இரண்டாக வெட்டி, நடுவே புதிய பகுதியைச் செருகி நீளமாக்கியது. அவ்வளவு வேகமாகக் கூட்டம் பெருகியது. 1977-இல் தொடங்கிய ‘தி லவ் போட்’ என்ற தொலைக்காட்சித் தொடர், கப்பல் விடுமுறையை அமெரிக்காவின் நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1970-இல் உலகெங்கும் சுமார் 5 லட்சம் பேர் உல்லாசக் கப்பலில் சென்றதாக மதிப்பிடப்படுகிறது. 2019-இல் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 3 கோடி.

கடலுக்கு முதுகு காட்டும் பால்கனி

எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. 1962-இல் பிரான்சின் பெருமையாக ஓடத்தொடங்கிய ‘பிரான்ஸ்’ என்னும் அட்லாண்டிக் கப்பலை 1979-இல் க்ளோஸ்டர் வாங்கி, ‘நார்வே’ எனப் பெயர் மாற்றிக் கரீபியனில் விட்டார். 316 மீட்டர் நீளமுள்ள அது பல சிறு துறைமுகங்களுக்குள் நுழைய முடியாது; வெளியே நின்று படகுகளில் பயணிகளை அனுப்ப வேண்டும். இது குறை என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் பயணிகளோ கப்பலைவிட்டு இறங்காமலேயே மகிழ்ந்திருந்தனர். கப்பல் பெரியதாக இருந்தால் ஊர் எதற்கு என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அதன்பின் அளவுப்போட்டிதான். 1996-இல் முதன்முறையாக 1 லட்சம் டன்னைக் கடந்த உல்லாசக் கப்பல் வந்தது. (இந்த டன் எடையைக் குறிப்பதன்று, கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும் கணக்கு.) 1999-இல் பனிச்சறுக்குத் தளத்தோடு ஒன்று. 2009-இல் 2,25,000 டன் கொண்ட ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’. 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், 2,48,663 டன். உச்ச அளவில் 7,600 பயணிகள், அவர்களுக்கு மேல் 2,300-க்கும் மேற்பட்ட பணியாளர்கள். டைட்டானிக் 46,000 டன்தான். நம் ஊர் ஒன்றியத் தலைநகர்கள் சிலவற்றில் இவ்வளவு பேர் இருப்பார்களா என்பது ஐயம்.

அறைகளின் வரலாறு இன்னும் சுவையானது. பழைய கப்பல்களில் வட்டச் சாளரம் கிடைத்தாலே பேறு. 1984-இல் இளவரசி டயானா பெயர்சூட்டிய ‘ராயல் பிரின்சஸ்’ கப்பலில் எல்லா அறைகளும் கடலைப் பார்த்து அமைந்தன. பலவற்றுக்குத் தனிப் பால்கனியும் இருந்தது. பால்கனி பின்னர் பொதுவழக்காயிற்று. ‘ஒயாசிஸ்’ வந்தபோது, கப்பலின் நடுவே ஆயிரக்கணக்கான உயிருள்ள செடிகளோடு ஒரு பூங்காவை அமைத்து, அதைப் பார்க்கும்படியும் பால்கனிகளை வைத்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டத்தைப் பார்ப்பதற்குக் கடற்பயணம்! வேடிக்கையாகத் தோன்றினாலும் அந்த அறைகள் விற்கின்றன.

கரையும் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1977-இல் நார்வீஜியன் நிறுவனம் பஹாமாசில் கிரேட் ஸ்டிரப் கே என்னும் தீவையே வாங்கியது. மற்றவையும் பின்தொடர்ந்தன. பயணி தீவில் இறங்கி வாங்கும் குளிர்பானத்தின் காசும் கப்பல் நிறுவனத்துக்கே போகும். பழைய பயணத்தில் உள்ளூர்க் கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் கிடைத்த பங்கு இது. இந்த மாற்றம் நமக்கு உவப்பாக இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கப்பல் பெருத்ததால்தான் கட்டணம் சிறுத்தது என்பதும், பாலினின் 241 செல்வந்தர்களுக்கு உரியதாக இருந்தது இன்று ஓய்வூதியதாரருக்கும் எட்டுகிறது என்பதும் உண்மையே.

பெருமைக்கு விலையும் உண்டு. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜீலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் உயிரிழந்தனர். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு ஆபத்துக்காலப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் அளித்தால் போதும் என்பதே அன்றைய விதி. இப்போது புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ அதை நடத்தியாக வேண்டும். விருந்துக்கு முந்திக்கொண்டு பயிற்சிக்குப் பிந்துகிறவர்கள் இதை நினைவில் கொள்வார்களாக. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் தடுத்து நிறுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் இருந்த சுமார் 3,700 பேரில் 700-க்கும் மேற்பட்டோரைக் கொரோனா தொற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் பணியாளர்கள் அதில் இருந்தனர். சாளரமற்ற மலிவு அறையை எடுத்தவர்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் வெனிஸ் நகரின் நடுக் கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தடைசெய்யப்பட்டன. பார்க்க வந்த ஊரையே கப்பல் மறைத்து நின்றால் ஊரார் என்ன செய்வார்கள்?

விலைச்சீட்டின் பின்பக்கம்

இப்போது நம் தொழிலுக்கு வருவோம். பெரிய நிறுவனங்களின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய தொகை பயணச்சீட்டிலிருந்து வருவதில்லை. கப்பலில் ஏறியபின் நாம் செலவிடுவதிலிருந்து வருகிறது. மதுவகைகள், சிறப்பு உணவகங்கள், இணைய இணைப்பு, சூதாட்டக் கூடம், கரைச்சுற்றுலா எனப் பட்டியல் நீளும். எனவே விளம்பரத்தில் காணும் கட்டணத்தை முழுச் செலவாகக் கருத வேண்டாம். அந்தக் கட்டணம் பெரும்பாலும் ‘இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு’ என்ற கணக்கு. தனியாகச் செல்பவர் ஏறக்குறைய இருவர் கட்டணத்தைச் செலுத்த நேரிடும்.

அமெரிக்க முறையில் இயங்கும் கப்பல்களில் பணியாளர்களுக்கான டிப்ஸ் நாள்தோறும் தானாகவே கணக்கில் ஏறும். நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 டாலர் என்று கொள்வோம். நால்வர் அடங்கிய குடும்பத்துக்கு 7 இரவுகளில் 504 டாலர். இதை முன்கூட்டி அறியாதவர்கள், ஊர் திரும்பியபின் அட்டைக் கணக்கறிக்கையோடு கிளைக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். பில் சரியாகத்தான் இருக்கும், எதிர்பார்ப்புதான் தவறியிருக்கும்.

கப்பலில் ரொக்கம் புழங்குவதில்லை. ஏறும்போதே உங்கள் அட்டையைக் கப்பல் கணக்கோடு இணைத்து, ஒரு தொகையை முன்கூட்டி நிறுத்திவைப்பார்கள். டெபிட் அட்டையைக் கொடுத்தால், நிறுத்திவைத்த பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் முடங்கும். பயணம் முடிந்து சில நாட்கள் கழித்தே விடுபடும். ஓய்வூதியம் வரவாகும் கணக்கின் அட்டையை இதற்குக் கொடுக்க வேண்டாம். கிரெடிட் அட்டையோ, அந்நியச் செலாவணி ஏற்றிய முன்பண அட்டையோ ஏற்றது. முன்பண அட்டையை அந்தக் கப்பலில் ஏற்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளவும். வெளிநாட்டுத் துறைமுகக் கடைகளில் “ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா” என்று கருவி கேட்டால், உள்ளூர் நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். ரூபாயைத் தெரிவு செய்தால் மாற்று விகிதம் கடைக்காரர் தரப்பில் நிர்ணயமாகும். அது பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இராது.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர், உங்கள் பான் எண்ணைப் பெற்று மூலத்திலேயே வரி வசூலிக்கக் கடமைப்பட்டவர். இதன் விகிதம் அண்மைக்கால வரவுசெலவுத் திட்டங்களில் ஒருமுறைக்கு மேல் மாறியிருப்பதால், பணம் செலுத்தும் நாளில் நடைமுறையிலுள்ள விகிதத்தைக் கேட்டறியுங்கள். அது இழந்த பணமன்று. வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள், கணக்குத் தாக்கல் செய்தால்தான் அதைத் திரும்பப் பெற முடியும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்கிறோம். கப்பல் மருத்துவமனையில் கட்டணம் டாலரில். நடுக்கடலில் நோயாளியை ஹெலிகாப்டரில் கரைசேர்க்க நேர்ந்தால் செலவு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கிவிடும். உள்நாட்டு மருத்துவக் காப்பீடு பொதுவாக இங்கே உதவாது. அவசர வெளியேற்றம் அடங்கிய பயணக் காப்பீட்டை எடுத்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயச் சிகிச்சை ஆகியவற்றை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மறைத்துப் பெற்ற காப்பீடு, தேவைப்படும் நாளில் வெறும் காகிதம்.

ஒரு நாட்டிலிருந்து கப்பலேறி அதே நாட்டுக்குத் திரும்புவதாக இருந்தால், ஒருமுறை நுழைவதற்கான விசா போதாமல் போகலாம். கரையில் இறங்கினால் குறித்த நேரத்துக்கு முன் திரும்ப வேண்டும். நிறுவனத்தின் வழியாகச் சென்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கக்கூடும். நாமாக வாடகை வண்டி பிடித்துப் போனால் காத்திராது.

நம் கரையில்

இந்தியாவில் இத்தொழில் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து இயங்கிய ஸ்டார் குரூஸ் நிறுவனம் நம்மவர் பலருக்கு முதல் அறிமுகம். அதன் தாய் நிறுவனமான ஜென்டிங் ஹாங்காங் 2022-இல் வீழ்ந்தது. 2019-இல் மும்பையிலிருந்து புறப்பட்ட ‘கர்ணிகா’ ஓராண்டுக்குமேல் நிலைக்கவில்லை. பெருந்தொற்றுக்குப்பின் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. பிரான்சின் பெருமையாக இருந்த, முன்பு நாம் குறிப்பிட்ட ‘நார்வே’யும் ‘புளூ லேடி’ என்ற கடைசிப் பெயரோடு அதே அலங்கில்தான் முடிந்தது. அதிலிருந்த கல்நார் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முன்பணம் செலுத்தும்போது, திரும்பப் பெறும் விதிகளைப் படித்துவிட்டுச் செலுத்துங்கள் என்று நாம் சொல்வதற்கு இந்த வரலாறே காரணம்.

2021 முதல் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ ஓடுகிறது. 1990-இல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில், மயாமிக்காரர்களின் 3, 4 நாள் குறும்பயணத்துக்கென்றே கட்டப்பட்ட கப்பல் அது. 48,000 டன்; டைட்டானிக்கைவிடச் சற்றே பெரிது, இன்றைய அளவில் சிறிது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் புறப்பட்டது. மறு ஆண்டு திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் சென்றது. எந்த ஊரையும் தொடாமல் கடலுக்குள் போய்த் திரும்பும் 2 இரவுப் பயணமும் அதில் உண்டு. மும்பை பல்லார்ட் பியரில் புதிய பன்னாட்டு உல்லாசக் கப்பல் முனையம் 2025-இல் திறக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் தொடங்கிய ‘குரூஸ் பாரத்’ இயக்கம், 5 ஆண்டுகளில் பயணிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்க முனைகிறது.

பனிச்சறுக்குத் தளமும் பூங்காவும் வேண்டாம், கடலும் தீவும் போதும் என்பவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது வேறொன்று. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு ‘சமுத்ரம்’ என்ற பெயரில் கொச்சியிலிருந்து 5 நாள் பயணம் நடத்துகிறது. ‘எம்.வி. கவரத்தி’ கப்பலில் இரவுகளைக் கழித்து, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்கலாம். காயலுக்குள் பெரிய கப்பல் வர இயலாது. வெளியே நின்று சிறு படகில் மாற்றி ஏற்றுவார்கள். படிக்கட்டில் கைபிடித்து இறக்கிவிட மாலுமிகள் இருப்பார்கள் என்றாலும், முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டும். கடவுச்சீட்டு தேவையில்லை, நுழைவு அனுமதி தேவை. மழைக்காலத்தில் பயணம் இராது. இடங்கள் குறைவாதலால், அனுமதிக்கான ஆவணங்களை ஆயத்தமாக வைத்துக்கொண்டு பருவத்தின் தொடக்கத்திலேயே பதிவுசெய்வது நல்லது.